ஏஜென்டுக்கு மனித குணம் கொடுப்பது எப்படி?

மெய்நிகர் நிறுவனம் என்றால் நேரில் சந்திக்காமல் இணையம் வழியே சேர்ந்து வேலை செய்யும் குழு. அதைப் புரிந்துகொள்ள, ஒவ்வொரு ஆளுக்கும் பதிலாகத் தானே முடிவெடுக்கும் ஒரு சிறு நிரலை, அதாவது ஏஜென்டை, கணினியில் ஓடவிடலாம். ஆனால் கேட்டவுடன் பதில் கொட்டும் ஏஜென்டுகளை வைத்து அது முடியாது. மனிதர்கள் தயங்குவார்கள், ஆள் பார்த்துப் பேசுவார்கள். அந்தத் தயக்கத்தைத்தான் நிரலில் எழுத வேண்டும்.

நான் இதற்கு ஜேசனைப் பயன்படுத்துகிறேன். ஆனந்த் ராவ் 1996-இல் முன்வைத்த ஏஜென்ட்ஸ்பீக் என்ற நிரல்மொழியை ஜாவாவில் இயக்கும் மென்பொருள் அது.

முதலில் ஏஜென்ட் எதையெல்லாம் நம்புகிறது என்று எழுதுங்கள்: தனக்கு என்ன தெரியும், யார் மேல் எவ்வளவு நம்பிக்கை, அப்புறம் யாருக்கு என்ன தெரியும். கடைசியை விட்டுவிடாதீர்கள். முகம் பார்க்காமல் வேலை செய்பவர்களுக்கு யாரைக் கேட்பது என்பதே பெரிய சிக்கல்.

அடுத்து, கேள்வி வந்தால் என்ன செய்யும்? மூன்று திட்டங்கள் போதும். கேட்டவர் மேல் நம்பிக்கை அதிகம், வேலை குறைவு என்றால் முழு பதில். வேலை அதிகம் என்றால் வேறு ஆளைக் கைகாட்டுவது. இரண்டும் பொருந்தாவிட்டால் மௌனம். வரிசை முக்கியம்: பொருந்துகிற முதல் திட்டத்தையே ஜேசன் எடுக்கும். நிபந்தனையில்லாத மௌனத்தை மேலே வைத்தால் எல்லா ஏஜென்டும் ஊமையாகிவிடும்.

பயனுள்ள பதில் வந்தால் பதில் சொன்ன ஏஜென்ட் மேல் உள்ள நம்பிக்கையைக் கொஞ்சம் கூட்டுங்கள், பதிலே வராவிட்டால் குறையுங்கள். அந்த ஆளுக்கான பழைய மதிப்பை '-' குறியால் நீக்கி, புதியதை '+' குறியால் வையுங்கள். தொடக்க மதிப்புகளை மட்டும் ஊகிக்காமல், அந்தக் குழுவில் வேலை செய்பவர்களிடமே கேட்டு வையுங்கள்.