முன் கிராஸ் உடைந்தால்: புரொப்பல்லர் ஷாஃப்டுக்கு சேஃப்டி லூப் பொருத்தும் முறை

கியர்பாக்ஸிலிருந்து பின் ஆக்சிலுக்குச் சக்தியைக் கொண்டுபோகும் புரொப்பல்லர் ஷாஃப்டின் முன்னும் பின்னும் கிராஸ் (யுனிவர்சல் ஜாயின்ட்) என்ற மூட்டு இருக்கும். பின் கிராஸ் உடைந்தால் ஷாஃப்ட் விழுந்து தரையில் இழுபடும். சத்தம் பயங்கரமாக இருக்கும், ஆனாலும் வண்டியை ஓரங்கட்டிவிடலாம். முன் கிராஸ் உடைந்தால் கதையே வேறு. கியர்பாக்ஸ் பக்க முனை தார்ச்சாலையில் குத்தினால், கழி ஊன்றித் தாண்டுபவனைப் போல வண்டியின் பின்பக்கமே எழும்பிவிடும். குத்தாமல் தப்பினாலும் பின் சக்கரங்கள் ஷாஃப்டைச் சுழற்றிக்கொண்டே இருக்கும். அது ஃப்ளோர் தகட்டைக் கிழிக்கும், பிரேக் பைப்பையும் பெட்ரோல் பைப்பையும் அறுக்கும். டாப் கியரில் நேர் விகிதத்தில் இன்ஜின் 6000 ஆர்பிஎம் சுற்றும்போது ஷாஃப்ட் விநாடிக்கு 100 சுற்று சுற்றுகிறது. அந்த முனையைக் கீழே விழவிடாமல் பிடித்து வைப்பதுதான் ஷாஃப்டைச் சுற்றி மாட்டும் இரும்பு வளையமான சேஃப்டி லூப்பின் ஒரே வேலை.

ஸ்விஃப்ட் போன்ற முன்சக்கர இழுவைக் கார்களுக்கு இது தேவையே இல்லை. இன்ஜின் மாற்றிய கான்டெஸா, அம்பாசடர், ஜிப்சி, ஜீப், பொலேரோ வைத்திருப்பவர்கள் யோசிக்க வேண்டிய விஷயம். அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டைப் பக்கக் காட்டுப்பாதைகளில் லோ கியரில் பாறை ஏறும்போதுதான் கிராஸ் அதிகம் அடிவாங்கும். 130 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை தரும் இன்ஜின்கூட 3.6 விகித முதல் கியரில் ஷாஃப்டுக்கு 468 கொடுக்கும். டிரான்ஸ்ஃபர் கேஸை (முன், பின் சக்கரங்களுக்குச் சக்தியைப் பிரிக்கும் பெட்டி) லோவில் போட்டால் இன்னும் இரண்டு மடங்குக்கு மேல். ஆனால் அங்கே வேகம் இல்லை, உடைந்தாலும் ஷாஃப்ட் மெல்லத்தான் சுற்றும். காட்டில் விரிசல் விட்ட கிராஸ் திரும்பி வரும்போது கிருஷ்ணகிரி–ஓசூர் நெடுஞ்சாலையில் நூறு கிலோமீட்டர் வேகத்தில் உடைவதுதான் ஆபத்து. ஆஃப்ரோடு வண்டிக்கும் லூப் வேண்டும் என்று நாம் சொல்வது அதனால்தான்.

அளவுக்கு அமெரிக்க டிராக் பந்தய அமைப்பான என்எச்ஆர்ஏவின் விதியைப் பின்பற்றுவது நல்லது. கால் மைலை 13.99 விநாடியிலோ அதைவிட வேகமாகவோ ஓடும் வண்டியில் ஸ்லிக் டயர் (பள்ளக்கோடு இல்லாத பந்தய டயர்) இருந்தால் அங்கே லூப் கட்டாயம். சாலை டயர் என்றால் 11.49 விநாடிக்கும் மெதுவான வண்டிகளுக்கு விலக்கு உண்டு. லூப் ஷாஃப்டை 360 டிகிரியும் சுற்றியிருக்க வேண்டும், முன் கிராஸிலிருந்து 6 அங்குலத்துக்குள் இருக்க வேண்டும். பட்டை என்றால் குறைந்தது கால் அங்குல கனம், 2 அங்குல அகலம். குழாய் என்றால் 7/8 அங்குல விட்டம், 0.065 அங்குல சுவர்.

இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். கடையில் ‘ரெண்டு இன்ச், கால் இன்ச் ஃப்ளாட்’ என்று கேட்டால் 50×6 மில்லிமீட்டர் பட்டையைத்தான் எடுத்துக் கொடுப்பார்கள். விதிப்படி 50.8×6.35 வேண்டும், வெர்னியர் வைத்தால் அகலம், கனம் இரண்டும் குறைவு. 65×8 எம்.எஸ். (மைல்டு ஸ்டீல்) ஃப்ளாட் வாங்குங்கள். மீட்டருக்கு 4 கிலோவுக்குச் சற்று மேல் வரும், ஒன்றரை மீட்டர் போதும். அலுமினியம் வேண்டாம், டிஎம்டி கம்பி வேண்டாம். சங்கிலி கட்டித் தொங்கவிடுவது அதைவிட மோசம், உடைந்த ஷாஃப்ட் அதைச் சுருட்டிக்கொள்ளும். முஸ்டாங், கமேரோ அளவுக்கு வரும் ரெடிமேட் கிட்டை வாங்கி ஜிப்சியில் மாட்டப் பார்ப்பதும் வீண் செலவு. நல்ல லேத் பட்டறை ஒன்று போதும், ஓசூரில் அதற்குப் பஞ்சமில்லை.

இனி லூப்பின் உள்விட்டம். ஷாஃப்ட் குழாய் 76 மில்லிமீட்டர் என்றால் சுற்றிலும் சுமார் 25 இடைவெளி விட்டு 130 வைக்கலாம். 25 ஏன்? ஷாஃப்ட் 1200 நீளம், பின் ஆக்சில் மேலும் கீழுமாக மொத்தம் 150 நகர்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். முன் கிராஸிலிருந்து 150 தள்ளி ஷாஃப்டின் அசைவு 150×150÷1200, அதாவது 19 மில்லிமீட்டருக்குள்தான். அதே லூப்பை நடுவில், 600-இல் மாட்டினால் அசைவு 75 ஆகிவிடும். தட்டாமலிருக்க லூப்பைப் பெரிதாக்க வேண்டும். பெரிதாக்கினால் கிராஸ் உடையும்போது ஷாஃப்டின் முன்முனை ஒரு சாண் அளவுக்குத் தொங்கும். இடம் வசதியாக இருக்கிறதென்று நடுவில் மாட்டிய லூப், வேலைக்கு ஆகாத லூப்.

130 உள்விட்டம், 8 கனம் என்றால் பட்டையின் நடுக்கோட்டு விட்டம் 138, சுற்றளவு 433. இரண்டு அரைவட்டமாகச் செய்யுங்கள்: ஒவ்வொன்றும் 217 வளைவு, இரு பக்கமும் போல்ட் போட வெளியே மடிக்கும் 45 காது, ஆக 307. காதின் மடிப்பைக் கூர்மையாக அடிக்காதீர்கள். உள்வளைவு குறைந்தது பட்டையின் கனத்தளவாவது இருக்கட்டும், இல்லையென்றால் அங்கேதான் விரிசல் பிடிக்கும். ஒவ்வொரு காதிலும் இரண்டு எம்10 துளை. துளைகளை டிரில் செய்யுங்கள், கேஸ் கட்டரால் ஓட்டை போட வேண்டாம். போல்ட் 8.8 கிரேடு, முறுக்கு 45 நியூட்டன் மீட்டர் அளவில். சைலன்சர் பக்கத்தில் ஓடினால் நைலான் நட்டு இளகிவிடும், முழு உலோக லாக் நட்டு போடுங்கள்.

எதில் மாட்டுவது? கியர்பாக்ஸின் பின்முனை உறையான வால் ஹவுசிங்கில் கூடவே கூடாது. அது அலுமினிய வார்ப்பு, ஷாஃப்ட் அடித்தால் லூப்போடு சேர்ந்து பிய்ந்து வரும். ஜிப்சி, ஜீப், பொலேரோவில் சேஸிஸ் இருக்கிறது. இரண்டு பக்கச் சேஸிஸுக்கும் குறுக்கே ஒரு மெம்பர் போட்டு அதில் லூப்பைத் தொங்கவிடலாம். சேஸிஸில் துளையிடுவதென்றால் நிற்கும் பக்கத்தின் நடுவில் போடுங்கள், மேல் கீழ் விளிம்புகளைத் தொடாதீர்கள். சேஸிஸ் இல்லாத பாடியில் தரைத் தகடு ஒரு மில்லிமீட்டர் கனம்தான், வெறும் வாஷர் போட்டால் தகட்டைக் கிழித்துக்கொண்டு வந்துவிடும். தகட்டின் மறுபக்கம் 75×75 அளவில் 3 மில்லிமீட்டர் பிளேட் வைத்து இறுக்குங்கள்.

ஜிப்சிக்கு ஒரு தனிக் குறிப்பு. அதில் டிரான்ஸ்ஃபர் கேஸ் தனியாக இருக்கும், கியர்பாக்ஸிலிருந்து அதற்கு ஒரு குட்டி ஷாஃப்ட் போகும். பின் ஷாஃப்டின் முன் கிராஸ் டிரான்ஸ்ஃபர் கேஸ் பக்கத்தில் இருக்கிறது, லூப் அங்கே வர வேண்டும். சென்டர் பேரிங் வைத்த இரண்டு துண்டு ஷாஃப்டில் பேரிங்குக்குப் பின்னால் வரும் துண்டுக்கும் தனி லூப் போடுவதே சரி.

வேலையைத் தொடங்குமுன் வண்டியை ஜாக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள். நம் ஊரில் கருங்கல் துண்டுக்குக் குறைவில்லை, அதற்காக வண்டிக்கடியில் முட்டுக் கொடுக்காதீர்கள். ஓரம் சிதறினால் வண்டி மேலே இறங்கிவிடும். ஷாஃப்டைக் கழற்றுமுன் ஃப்ளேஞ்ச் இரண்டிலும் பஞ்ச் வைத்துக் குறி போடுங்கள், மாற்றி மாட்டினால் பேலன்ஸ் போய் அதிரும். கழற்றிய கையோடு கிராஸைப் பாருங்கள். அதன் பேரிங் கப்பைச் சுற்றித் துருநிறப் பொடி இருந்தால், கையால் ஆட்டும்போது கடகடத்தால், கப்பைப் பிடித்திருக்கும் சர்க்ளிப் காணாமல் போயிருந்தால் முதலில் அதை மாற்றுங்கள். கியர்பாக்ஸ் மவுண்ட் ரப்பர் நைந்திருந்தால் அதையும் மாற்றிவிட்டே அளவெடுங்கள்.

வெல்டிங் வந்தால் பேட்டரி வயரைக் கழற்றிவிடுங்கள், உள்ளே கார்பெட்டையும் ஃபோமையும் நீக்குங்கள், பெட்ரோல் பைப்பை அந்த இடத்திலிருந்து ஒதுக்குங்கள். எர்த் கிளாம்பை வெல்ட் செய்யும் இடத்துக்குப் பக்கத்திலேயே பிடியுங்கள். ஆக்சிலில் பிடித்தால் கரண்ட் கிராஸின் நீடில் பேரிங் வழியாகப் போய் அதைக் கெடுத்துவிடும்.

மாட்டியபின் பாடியைத் தூக்கிப் பின் சக்கரங்களை முழுதாகத் தொங்கவிட்டு, நியூட்ரலில் ஷாஃப்டைக் கையால் ஒரு சுற்று சுற்றிப் பாருங்கள். பிறகு வண்டியை இறக்கி, பின்னால் ஆட்களை ஏற்றி அமுக்கி இடைவெளியை அளந்துகொள்ளுங்கள். பிரேக் பைப், ஹேண்ட்பிரேக் கேபிள், சைலன்சர் எதுவும் லூப்பைத் தொடக்கூடாது. லூப்பின் உட்புறம் முழுக்கச் சாக்பீஸ் தேய்த்துவிட்டு, வேகத்தடைகள் உள்ள தெருவில் மெதுவாக ஓட்டி வாருங்கள். சாக்பீஸ் அழிந்த இடம் ஷாஃப்ட் உரசும் இடம். பெரும்பாலும் மேல்பக்கமாகத்தான் இருக்கும், பிராக்கெட்டுக்கு அடியில் வாஷர் கூட்டிக்குறைத்துச் சரிசெய்யலாம். உரசல் இல்லையென்றால் ரெட் ஆக்சைடு அடித்து மேலே கறுப்பு பெயின்ட் பூசுங்கள்.

கிராஸுக்கு கிரீஸ் அடிக்கும்போதெல்லாம் லூப் போல்ட்களிலும் ஸ்பேனர் வைத்துப் பாருங்கள். ஒருமுறை ஷாஃப்டைத் தாங்கிய லூப்பை நிமிர்த்தி மறுபடி மாட்டாதீர்கள். போல்ட், பிளேட் உட்பட எல்லாம் புதிதாகப் போடுங்கள்.