கேஸ்பர் மீன்: கறுப்பையும் வெள்ளியையும் ஒரே மீனில் நீக்குவது எப்படி?

கேஸ்பர் என்பது உடலுக்குள் இருப்பது வெளியே தெரியும் நிறமற்ற ஜீப்ரா மீன். சாதாரண ஜீப்ரா மீனின் நிறம் மூன்று வகைச் செல்களில் இருக்கிறது: கறுப்பு மெலனோஃபோர், மஞ்சள் சாந்தோஃபோர், வெள்ளிபோல் மினுங்கும் இரிடோஃபோர். உடலுக்குள்ளே தெரிய வேண்டுமானால் கறுப்பை மட்டும் எடுத்தால் போதாது. இரிடோஃபோரில் அடுக்கடுக்காக இருக்கும் குவானின் படிகங்கள்தான் ஒளியைத் திருப்பி அடிக்கின்றன. ஆல்பினோ மீனை வாங்கிவைத்து ஏமாறுகிறவர்கள் சறுக்குவது இங்கேதான். அதில் மெலனின்தான் இல்லை. வெள்ளி அப்படியே இருக்கிறது.

ஆகவே இரண்டு மரபு மாற்றங்களை ஒரே மீனில் சேர்க்க வேண்டும். ஒன்று நேக்கர்: மிட்ஃபா மரபணு பழுதானதால் உடலில் மெலனோஃபோரே உருவாகாது. கண்ணின் விழித்திரை நிறமி மட்டும் வேறு வழியில் வருவதால் கண் கறுப்பாகவே இருக்கும். இதில் வெள்ளிச் செல்கள் வழக்கத்தைவிட அதிகம். சிப்பியின் உட்பளபளப்பைக் குறிக்கும் பெயர் பொருத்தம்தான். மற்றொன்று ராய்: எம்பிவி17 மரபணுவில் 19 டிஎன்ஏ எழுத்துகள் விடுபட்டது. வெள்ளிச் செல்கள் பெரும்பாலும் இல்லை, கறுப்பும் அங்கங்கே திட்டுத்திட்டாக நிற்கும். இரண்டும் சேர்ந்த மீன்தான் கேஸ்பர். 2008-இல் பாஸ்டன் ஆய்வாளர்கள் இதை வெளியிட்டார்கள்.

முதல் தலைமுறையில் நேக்கரையும் ராயையும் கலந்தால் எல்லாக் குஞ்சும் சாதாரண வரியோடு வரும். பதற வேண்டாம், அப்படித்தான் வர வேண்டும். இரண்டும் ஒடுங்கு பண்புகள், வெவ்வேறு மரபணுக்கள். ஒன்றின் குறையை மற்றதன் நல்ல பிரதி மறைக்கிறது. இந்தக் கலப்பிலேயே நிறமற்ற குஞ்சு வந்தால், பெற்றோரில் ஒன்று நீங்கள் நினைத்த மீன் இல்லை.

இந்தக் குஞ்சுகளை மூன்று மாதம் வளர்த்து, தங்களுக்குள் இணைய விடுங்கள். மாலையில் வலைத்தட்டு வைத்த இனப்பெருக்கத் தொட்டியில், நடுவே தடுப்புப் போட்டு ஆணையும் பெண்ணையும் விடுங்கள். 14 மணி நேர வெளிச்சம், 10 மணி நேர இருட்டு என்ற ஒழுங்கு முக்கியம். காலையில் விளக்கு எரிந்ததும் தடுப்பை எடுங்கள். வலைக்குக் கீழே விழும் முட்டைகளை இ3 நீரில் (கருக்களை வளர்க்கும் உப்புக் கரைசல்) அலசி, ஒரு தட்டுக்கு 50 வீதம் 28.5 டிகிரியில் வையுங்கள். மறுநாள் வெள்ளையாகக் கலங்கியவற்றை எடுத்துவிடுங்கள். விட்டால் பூஞ்சை மற்றவற்றையும் கெடுக்கும்.

இரண்டாம் தலைமுறையில் 16-க்கு வரியுள்ளவை 9, நேக்கர் 3, ராய் 3, கேஸ்பர் 1. ஒரு கேஸ்பராவது கிடைக்க 95% வாய்ப்பு வேண்டுமானால் 47 குஞ்சுகள் தேவை. ஒரு ஜோடியை நம்பிக் குடும்பம் நடத்த முடியாது. 300 முட்டையிலிருந்து தொடங்குங்கள். சுமார் 18 கேஸ்பர் எதிர்பார்க்கலாம், வளரும்போது சில போகும்.

எல்லாவற்றையும் வளர்க்கத் தேவையில்லை, ஐந்தாம் நாளுக்குள் பிரித்துவிடலாம். மூன்றாம் நாள் நுண்ணோக்கியில் கீழிருந்து ஒளி விட்டு, உடலில் கறுப்புப் புள்ளியே இல்லாதவற்றை ஒதுக்குங்கள். நாலில் ஒன்று கிடைக்கும். இவை நேக்கரும் கேஸ்பரும் கலந்தவை. ஐந்தாம் நாள் கீழ் ஒளியை அணைத்து, கறுப்புத் தளத்தின் மேல் தட்டை வைத்து, பக்கவாட்டில் மேலிருந்து ஒளி விடுங்கள். நேக்கரின் கண்ணைச் சுற்றிப் பொன்வெள்ளி மினுங்கும். கேஸ்பரின் கண் வெறும் கறுப்பு, அதிகம் போனால் ஓரிரு துளி மினுக்கம். குஞ்சு ஓடிக்கொண்டே இருந்தால் 0.016% டிரைகேயினில் மயக்கிப் பார்த்துவிட்டு உடனே நல்ல நீருக்கு மாற்றுங்கள்.

இந்தத் தட்டில் பிடியு (ஃபினைல்தயோயூரியா) மருந்தைச் சேர்க்கவே கூடாது. சாதாரணக் கருவைத் தெளிவாகப் பார்க்க 24 மணி நேரத்துக்குள் 0.003% பிடியு விடுவது ஆய்வகங்களில் வழக்கம். அது மெலனினை உண்டாக்கும் டைரோசினேஸ் நொதியைத் தடுத்து மெலனின் உருவாகாமல் செய்கிறது. அப்புறம் எல்லாக் குஞ்சும் நேக்கர் போலவே தெரியும், தேர்வு மொத்தமும் வீண். பிடியு வெள்ளிச் செல்லைத் தொடாது, தைராய்டையும் பாதிக்கும். வளர்ந்த மீனுக்கு அது வழியே இல்லை.

சந்தேகமான மீன் இருந்தால் வால்துடுப்பில் சிறு துண்டு வெட்டி பிசிஆர் (டிஎன்ஏ துண்டைப் பல பிரதிகளாகப் பெருக்கும் முறை) செய்யுங்கள். ராயின் 19 எழுத்துக் குறைவை டிஎன்ஏவை நீளப்படி பிரிக்கும் 3% அகரோஸ் ஜெல்லில் பார்க்கலாம். நேக்கரில் மாறியது ஒரே எழுத்து, ஆகவே ஜெல்லில் நீளம் மாறாது; எழுத்து வரிசையைப் படித்து உறுதி செய்யலாம்.

கேஸ்பரோடு கேஸ்பரையே தலைமுறை தலைமுறையாகச் சேர்த்தால் முட்டை குறையும், குஞ்சு நலியும். அவ்வப்போது வரியுள்ள நல்ல மீனோடு கலந்து, வரும் குஞ்சை மறுபடி கேஸ்பரோடு சேர்த்துவிடுங்கள். இம்முறை 16-இல் அல்ல, நாலில் ஒன்று கேஸ்பர். பச்சை ஒளிரும் மரபணுவைச் சேர்ப்பதும் இதே பாதைதான்: ஒளிரும் மீனைக் கேஸ்பரோடு கலந்து, குஞ்சுகளில் ஒளிர்வதை மட்டும் எடுத்து மீண்டும் கேஸ்பரோடு கலந்தால், எட்டில் ஒன்று ஒளிரும் கேஸ்பர்.

ஆய்வுக்கு என்றால் ஒப்பீட்டு மீனும் கேஸ்பராகவே இருக்கட்டும். எம்பிவி17 மைட்டோகாண்ட்ரியாவின் உட்சவ்வுப் புரதம். வரியுள்ள மீனோடு ஒப்பிட்டால், தெரியும் வேறுபாடு உங்கள் மருந்தாலா இந்த மரபணுவாலா என்று பிரிக்க முடியாது.