ஆமோஸை எடுத்துப் பிரசங்கிக்கிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதிதாகப் பிரசங்கம் பண்ண வருகிற தம்பிமார் நியாயத்தீர்ப்பு என்றதும் பழைய ஏற்பாட்டுத் தீர்க்கதரிசி ஆமோஸின் புத்தகத்தைத்தான் எடுக்கிறார்கள். நல்லதுதான். ஆனால் எங்கள் செட் அந்தக் காலத்தில் சறுக்கிய அதே இடங்களில் இவர்களும் சறுக்குகிறார்கள். வசன எண் தப்புவது, பெயர் தடுமாறுவது எல்லாம் போகப்போகச் சரியாகிவிடும், அதை விடுங்கள்.

இரண்டாம் அதிகாரத்தின் நடுவில் நிறுத்துவது

சமீபத்தில் ஒரு உபவாசக் கூட்டம். ஒரு தம்பி முதல் அதிகாரத்தை வாசித்து, தமஸ்கு, காசா, தீரு, ஏதோம் என்று ஒவ்வொரு பெயரோடும் அன்றைய செய்தித் தலைப்பு ஒன்றை ஒட்டினார். கூட்டத்தில் ஒரே 'ஆமென்'. அம்மோன், மோவாப் வரை வந்தவர், "நேரமாகிவிட்டது, ஜெபிப்போம்" என்று வேதத்தை மூடிவிட்டார். எனக்கு இன்னும் எரிச்சல் தீரவில்லை.

அந்த 'ஆமென்'தான் ஆமோஸ் விரித்த வலை. கி.மு. 8ஆம் நூற்றாண்டில் யூதாவின் தெக்கோவாவிலிருந்து வந்த மந்தை மேய்ப்பர் அவர். கேட்கிறவர்கள் வடக்கே, ராஜா இரண்டாம் யெரொபெயாமின் காலத்துச் செழிப்பில் திளைக்கும் இஸ்ரவேலர். "மூன்று பாதகங்களினிமித்தமும், நாலு பாதகங்களினிமித்தமும்" என்று சுற்றியிருக்கும் எதிரிகளை ஒவ்வொருவராக இழுக்கிறார். இஸ்ரவேலின் கீலேயாத்தை இரும்புக் கருவிகளால் போரடித்த தமஸ்கு, கர்ப்பிணிகளின் வயிற்றைக் கீறிய அம்மோன் என்று கேட்கக் கேட்க அவர்களுக்குச் சந்தோஷம். ஏழாவதாக யூதா. எட்டாவதாக அவர்களே. மற்றவர்களுக்கு ஆளுக்கு 2, 3 வசனம், இஸ்ரவேலுக்கு 11.

குற்றமும் போர்க்களத்தில் நடந்ததல்ல. எளியவனை ஒரு ஜோடு பாதரட்சைக்கு விற்றார்கள். ஏழை அடகு வைத்த மேலாடையைப் பொழுது சாய்வதற்குள் திருப்பிக் கொடுக்கச் சொல்கிறது யாத்திராகமம் 22. ராத்திரி போர்த்திக்கொள்ள அவனுக்கு வேறு துணி கிடையாது. இவர்களோ அதையே பலிபீடத்தருகே விரித்துப் படுத்துக்கொள்கிறார்கள்.

இஸ்ரவேலின் முறை தொடங்கும் 2:6க்கு வராமல் நிறுத்தினால் சபையார் காசாவைப் பற்றிப் பேசிக்கொண்டே வீட்டுக்குப் போவார்கள். வேலைக்கார அம்மாவுக்குச் சம்பளம் பாக்கி வைத்தவரும் நிம்மதியாகச் சாப்பிட்டுத் தூங்குவார்.

செழிப்பை ஆசீர்வாதக் கணக்கில் எழுதுவது

ஆமோஸ் 6:4 தந்தக் கட்டில்களில் படுப்பவர்களைச் சாடுகிறது. 1930களில் இஸ்ரவேலின் தலைநகரான சமாரியாவைத் தோண்டியபோது மரச்சாமான்களில் பதிக்கும் தந்த வேலைப்பாடுகள் ஏராளமாகக் கிடைத்தன. அந்தப் பணம் வந்த வழி 8:5இல் இருக்கிறது: மரக்காலைக் குறைத்து, கள்ளத்தராசு பிடித்து, ஓய்வுநாள் எப்போது முடியும், கடை திறக்கலாம் என்று காத்திருக்கிறார்கள். ஓய்வுநாளை ஒழுங்காக ஆசரித்தவர்கள்தான், கவனியுங்கள்.

1:1இல் வரும் பூகம்பத்துக்குத் தேதி குறிப்பது

வேண்டாம்.

தீர்ப்பை ருசித்துச் சொல்லுவது

குரலை உயர்த்தி மேஜையைத் தட்டுகிறவர்கள் 7ஆம் அதிகாரத்தைத் திரும்ப வாசிக்கட்டும். தேவன் தரிசனத்தில் வெட்டுக்கிளிகளைக் காட்டியதும் ஆமோஸ், "மன்னித்தருளும், யாக்கோபு திரும்ப யாராலே எழுந்திருப்பான்? அவன் சிறுத்துப்போனான்" என்று கெஞ்சுகிறார். அடுத்து அக்கினி, மறுபடியும் கெஞ்சுகிறார். இரண்டு முறையும் தேவன் மனஸ்தாபப்பட்டு, அப்படி ஆகாது என்கிறார். மூன்றாவதாக, சுவர் நேராக இருக்கிறதா என்று பார்க்கும் தூக்குநூல் வரும்போதுதான் மன்றாட்டு நிற்கிறது. முதல் இரண்டையும் தாண்டி நேரே தூக்குநூலுக்குப் போகிற தம்பியிடம், அடுத்த வாரம் பேசலாம், இந்த வாரம் ஜெபக்குறிப்பு வாசியுங்கள் என்று சொல்லிவிடுவேன்.