அட்ரசின் அடித்த காட்டில் தப்பாகப் போகும் கணக்குகள்

மக்காச்சோளம் விதைத்த மூன்றாம் நாள் அட்ரசின் என்ற களைக்கொல்லியை அடிப்பது பெரம்பலூர்ப் பக்கத்துக் கரிசல் காடுகளில் பழகிப்போன வேலை. களை அடங்குகிறது, ஆள்கூலி மிச்சமாகிறது. சரி, அடித்த மருந்து அப்புறம் என்ன ஆகிறது? அங்கேதான் கணக்குத் தப்புகிறது.

அட்ரசினின் அரை ஆயுட்காலம், அதாவது பாதி சிதைய ஆகும் காலம், மண்ணில் சுமார் 60 நாள். அப்படியானால் 120 நாளில் முழுதும் தீர்ந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. 100 கிராம் 60 நாளில் 50 ஆகும், அடுத்த 60 நாளில் அந்த 50-இல் பாதி போய் 25 நிற்கும். அந்தக் கால் பங்கே அடுத்து விதைக்கும் உளுந்தைக் கெடுக்கலாம். முளைத்து வந்த செடியின் அடியிலைகள் ஓரத்திலிருந்து மஞ்சளாகிக் கருகும். அதை நோய் என்று எண்ணி இன்னொரு மருந்து வாங்கி அடிப்பவர்களை நினைத்தால் வேதனையாக இருக்கிறது.

அந்த 60 நாளும் எல்லா நிலத்துக்கும் பொருந்தாது. மருந்தைச் சிதைப்பதில் பெரும்பங்கு மண்ணில் வாழும் நுண்ணுயிர்களுடையது. அவற்றுக்கு ஈரம் வேண்டும். மழையில்லாமல் காய்ந்து கிடந்த இரண்டு மாதத்தைக் கணக்கில் சேர்க்கவே கூடாது. காரத்தன்மை கூடிய மண்ணில் அட்ரசின் இன்னும் மெதுவாகத்தான் சிதையும். நம் கரிசல் பெரும்பாலும் அப்படிப்பட்டதுதான்.

‘கரிசல் களிமண், தண்ணீர் இறங்காது, கிணற்றுக்கு ஒன்றும் ஆகாது’ என்பது இதைவிடப் பெரிய தவறு. களியும், இலைதழை மக்கி உண்டான மக்கும் மருந்தைப் பிடித்து வைப்பது உண்மை. ஆனால் தண்ணீர் மண்ணுக்குள் மெல்ல ஊறி இறங்கினால்தான் அந்தப் பிடிப்பு நடக்கும். கோடையில் கரிசல் கை நுழையும் அளவுக்கு வெடித்துக் கிடக்கிறது. வெடிப்பு மூடுமுன் மருந்தடித்து, அடுத்த நாளே மழை கொட்டினால், தண்ணீர் மேல்மண்ணைத் தொடாமல் மருந்தோடு ஆழத்துக்குப் போய்விடும். அங்கே நுண்ணுயிரும் மக்கும் குறைவு. மேலே மாதக்கணக்கில் முடிகிற வேலை கீழே ஆண்டுக்கணக்கில் இழுக்கும். ஜெர்மனி 1991-இல் அட்ரசினைத் தடை செய்தது. இருபது ஆண்டுகளுக்கு மேல் கழிந்த பிறகும் அங்கே நிலத்தடி நீரில் அட்ரசினும், அது சிதைந்து உண்டான டெஸ்எதில்அட்ரசினும் கண்டறியப்பட்டன.

சிதைந்துவிட்டது என்றால் நஞ்சு போய்விட்டது என்று பொருளில்லை. இந்த டெஸ்எதில்அட்ரசின் தாய்ப்பொருளைவிட எளிதாகத் தண்ணீரோடு நகரும். உச்ச நீதிமன்றம் 2011-இல் தடை செய்த எண்டோசல்பான் என்ற பூச்சிக்கொல்லியும் மண்ணில் எண்டோசல்பான் சல்பேட்டாக மாறும். அதன் நஞ்சு குறையாது, மண்ணில் தங்கும் காலமோ இன்னும் நீளும்.

மருந்தடித்த டேங்கைக் கிணற்றடியில் கழுவுவதை உடனே நிறுத்துங்கள். ஒரு ஏக்கரில் பரவி விழும் மருந்தை மேல்மண் சமாளிக்கும். வருடக்கணக்கில் ஒரே இடத்தில் கொட்டினால் முடியாது. கழுவிய தண்ணீரை மருந்தடித்த அதே காட்டில் பரவலாகத் தெளித்துவிடலாம்.

மருந்து நெடுநாள் தங்குவதற்கு நேர்மாறாகவும் ஒன்று நடக்கும். ஒரே மருந்தைத் தொடர்ந்து போட்டால் அதைத் தின்னும் நுண்ணுயிர்கள் பெருகிவிடும். பிலிப்பைன்சின் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தில் சேதுநாதன், யோஷிடா என்ற ஆராய்ச்சியாளர்கள் டயசினான் என்ற பூச்சிக்கொல்லியைச் சிதைக்கும் பாக்டீரியாவைப் பிரித்தெடுத்து 1973-இல் வெளியிட்டார்கள். வருடாவருடம் அட்ரசின் கண்ட சோளக் காடுகளிலும் இது நடக்கிறது. மருந்து சீக்கிரம் தீர்ந்துபோய்க் களை முளைத்தால், போலி மருந்து என்று எண்ணி அளவைக் கூட்டிவிடுகிறோம். மருந்தையும் பயிரையும் மாற்றிப் பார்ப்பதே சரி.

உளுந்து விதைக்கும் முன், காட்டில் ஏழெட்டு இடத்தில் மேல்மண் எடுத்துக் கலந்து ஒரு தொட்டியில் போடுங்கள். மருந்து படாத இடத்து மண்ணை இன்னொன்றில் போடுங்கள். இரண்டிலும் பத்துப் பத்து உளுந்து ஊன்றித் தண்ணீர் ஊற்றி மூன்று வாரம் பாருங்கள். முதல் தொட்டியில் மட்டும் அடியிலை கருகினால், அந்தப் போகத்துக்கு உளுந்து வேண்டாம்; மறுபடியும் மக்காச்சோளமே போடலாம்.