அதே நம்பர், குறைந்த ரீசார்ஜ்

2024 ஜூலையில் தனியார் கம்பெனிகள் வரிசையாகக் கட்டணத்தை ஏற்றியதும், அம்மாவின் நம்பரை பிஎஸ்என்எல்லுக்கு மாற்ற முடிவெடுத்தேன். வீட்டில் வைஃபை இருக்கிறது. வெளியே போனால் அவருக்குப் பேச மட்டும்தான் போன். சிக்னல்தான் யோசனையாக இருந்தது. பெரம்பூரில் எங்களுடையது தரைத்தள வீடு. மாடி வீட்டு அக்காவிடம் அந்த சிம் இருந்ததால், அவர் போனை வாங்கி சமையலறை, ஹால், பின்பக்கம் என்று நின்று பேசிப் பார்த்தேன். துணி துவைக்கிற இடத்தில் மட்டும் குரல் விட்டுவிட்டு வந்தது. சரி, அங்கே நின்று யார் பேசப் போகிறார்கள்?

அப்புறம் சுலபம். ஆங்கிலத்தில் 'போர்ட்' (PORT) என்று அடித்து, இடம் விட்டு, நம்பரையும் போட்டு 1900க்கு எஸ்எம்எஸ். நம்பரை மாற்றுவதற்கான எட்டு எழுத்துக் குறியீடு பதிலாக வந்தது. அது நான்கு நாள்தான் செல்லும். சிம் அம்மா பெயரில் இருந்ததால் ஆதாரோடு அவரையே பிஎஸ்என்எல் கடைக்குக் கூட்டிப் போனேன். இடையில் பழைய கம்பெனியிலிருந்து போன் மேல் போன், சலுகை தருகிறோம் என்று. இத்தனை நாள் எங்கே இருந்ததோ அந்தச் சலுகை! மீதி பேலன்ஸ் கூடவே வராது. அதனால் பேக் முடிகிற சமயமாகப் பார்த்துத்தான் மாற்றினேன். பழைய சிம்மில் சிக்னல் போனதும் புதியதைப் போட்டோம்.