முதலில் காலைத் தூக்குங்கள்: வைப்ரஃபோனில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இலங்கை மலையகத்தின் ஹட்டனில் சனிக்கிழமைகளில் நான்கைந்து பிள்ளைகளுக்கு வைப்ரஃபோன் சொல்லிக் கொடுக்கிறேன். உலோகத் தகடுகளைக் குச்சியால் அடித்து வாசிக்கும் கருவி அது. புதிதாக யார் வந்தாலும், இருபது வயதில் நான் செய்த அதே பிழைகளைச் செய்கிறார்கள். குச்சி பிடிப்பது, நிற்கும் விதம் எல்லாம் ஒரு மாதத்தில் சரியாகிவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

பெடலை மிதித்தபடியே வாசிப்பது

வைப்ரஃபோனின் தகடுகள் அலுமினியம். பெடலை மிதிக்காதவரை ஒரு நீளமான ஃபெல்ட் பட்டை தகடுகளோடு ஒட்டி நின்று ஒலியை அடக்கிவைக்கும். மிதித்தால் பட்டை விலகி, தகடு பல விநாடிகள் ஒலிக்கும். தனியாக ஓர் அறையில் நின்று வாசிக்கும்போது அது அவ்வளவு இனிமை. காலை எடுக்க மனம் வராது. நானும் இரண்டு வருடம் அப்படித்தான் பழகினேன்.

பிறகு ஓர் ஏப்ரல் சீசனில், நுவரெலியாவில் ஒரு ஹோட்டல் கச்சேரிக்குக் கூப்பிட்டார்கள். மெதுவான பாட்டு ஒன்று. இடைவேளையில் பேஸ் வாசித்த அண்ணன் பக்கத்தில் வந்து, "தம்பி, காலைத் தூக்குப்பா. நான் வாசிக்கிறது எனக்கே கேக்கல" என்றார். அன்று இரவு முழுக்க முயன்றேன், கால் எழும்பவில்லை. அடுத்த ஏப்ரலில் யாரும் கூப்பிடவில்லை. அந்த இரண்டு வருடப் பழக்கத்தை உடைக்க இன்னொரு வருடம் போனது. அதை நினைத்தால் இன்றும் எரிச்சல் வருகிறது.

ஜாஸில் கோர்டு, அதாவது ஒன்றாக ஒலிக்கும் ஸ்வரங்களின் கூட்டு, ஓரிடத்தில் நிற்காது. ஜி7 என்ற கோர்டு வந்து சி மேஜர் கோர்டுக்குப் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஜி7-இல் இருக்கும் எஃப் ஸ்வரம், சி மேஜரில் இ-யாக இறங்க வேண்டும். கால் அழுத்தியபடியே இருந்தால் எஃப் சாகாது. இ-யோடு மோதிக்கொண்டே நிற்கும். கர்நாடக இசை படித்தவர்கள் சி-யை ஸட்ஜமாக வைத்து, சுத்த மத்யமத்தையும் அந்தர காந்தாரத்தையும் ஒரே நேரத்தில் ஒலித்துப் பார்க்கட்டும். பாட்டின் கதையே அந்த இறக்கத்தில்தான் இருக்கிறது. அது கேட்காமல் போனால் மிச்சம் வெறும் மணியோசை.

தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகளில் பலர் தப்பு மேளம் அடித்துப் பழகியவர்கள். தாளம் அவர்களுக்கு இரத்தத்திலேயே இருக்கிறது. ஆனால் தப்பின் ஒலி அடித்ததும் தானாக அடங்கிவிடும். இங்கே ஒவ்வொரு ஒலியையும் நாம்தான் நிறுத்த வேண்டும். யாராவது முதல் நாளே சொல்லாவிட்டால் இது தெரிய வழியில்லை.

சரி, என்ன செய்யலாம்? முதல் வாரம் பெடலே வேண்டாம், வறண்ட ஒலியோடு வாசியுங்கள். அப்புறம் கோர்டு மாறும் நொடிக்குச் சற்று முன் காலைத் தூக்கி, புதிய கோர்டை அடிக்கும்போது மிதியுங்கள். அது கைவந்த பிறகு குச்சியால் அடக்கப் பழகுங்கள்: வலது குச்சி இ-யை அடிக்கும் அதே நேரத்தில், இடது குச்சியின் நூல் சுற்றிய தலையை எஃப் தகட்டின் மேல் வைத்து அழுத்த வேண்டும். தட்டக்கூடாது, வைக்க வேண்டும். "டக்" என்று கேட்டால் வேகம் அதிகம். போன வாரம் ஒரு பிள்ளை இதை முதல்முறையாகச் சத்தமில்லாமல் செய்தாள். எஃப் மறைந்து, இ மட்டும் அறையில் நின்றது. மூன்று முறை திரும்ப வாசிக்கச் சொன்னேன்.

கயிற்றின் மேல் அடிப்பது

தகட்டைத் தாங்கும் கயிறு போகும் இடத்தில் அதிர்வு இல்லை. நடுவில் அடியுங்கள்.

மோட்டரை முழு வேகத்தில் விடுவது

தகடுகளுக்குக் கீழே உள்ள ஒலிக்குழாய்களின் வாயில் மோட்டர் சுழற்றும் தட்டுகள் ஒலியை அலையலையாக்கும். பெரிய ஜாஸ் வைப்ரஃபோன் கலைஞர்களில் லயனல் ஹாம்ப்டன் மோட்டரை வேகமாக ஓடவிட்டார். மில்ட் ஜாக்சன் மெதுவாக ஓடவிட்டதால் அவருடைய தகடுகள் பாடுவதுபோல் ஒலிக்கும். கேரி பர்ட்டன் பெரும்பாலும் அணைத்தே வைத்தார். நீங்கள் முதலில் அணைத்துவிட்டுப் பழகுங்கள்.

முதல் நாளே நான்கு குச்சி

வேண்டாம். ஜாக்சனின் பெரும்பாலான வாசிப்பு இரண்டு குச்சிகளில்தான்.

குச்சியைத் தரையில் விடுவது

எங்கள் மூடுபனியில் நூல் ஈரம் பிடித்துவிடும்.

வேகத்தை மட்டும் கேட்பது

ஜாக்சன் வாசித்த, 1952-இல் உருவான மாடர்ன் ஜாஸ் குவார்ட்டெட் குழுவின் மெதுவான பாட்டு ஒன்றைப் போடுங்கள். ஜாக்சன் எதை அடிக்கிறார் என்பதை முதல் தடவை விட்டுவிடுங்கள். ஒவ்வொரு ஒலியையும் எந்த இடத்தில் நிறுத்துகிறார் என்று மட்டும் கேளுங்கள். கேட்கும்போது உங்கள் வலது காலும் அவரோடு எழும்பி இறங்கட்டும்.