50 சிசி பெட்ரோல் ரிமோட் கன்ட்ரோல் ப்ளேன் கட்டறீங்களா? கார்ப்பைத் (கார்புரேட்டரை) திட்டறதுக்கு முன்னாடி இதைப் படிங்க

ஃபோமி (ஃபோம்ல செஞ்ச ப்ளேன்) ஓட்டி கை பழகினவங்க, நைட்ரோ (நைட்ரோமீத்தேன் கலந்த எரிபொருள்ல ஓடற இன்ஜின்) ஓட்டிட்டிருந்தவங்க எல்லாம் பெட்ரோலுக்கு மாறும்போது ஒரே புகார்தான்: தரையில சூப்பரா ஓடுது, மேல போனா இருமுது, கார்ப் மோசம். கார்ப் மோசமா இருக்கறது ரொம்ப அபூர்வம்ங்க. அதுக்கு வர்ற பெட்ரோலும் அதைச் சுத்தி ஓடுற காத்தும் சரியில்லாம இருக்கும், பழி மட்டும் கார்ப் மேல. நான் இங்க எடுத்துக்கறது 85 இன்ச்சுக்குப் பக்கத்துல ரெக்கை உள்ள எக்ஸ்ட்ரா 300 ஏஆர்எஃப் (பெரும்பாலும் கட்டி முடிச்சே வர்ற கிட்), 50 சிசி வகுப்புல வர்ற டிஎல்இ 55 இன்ஜின். கவரிங் (மேல ஒட்டின ஃபிலிம்) சுருக்கம் எடுக்கறது, ஹின்ஜ் (கீல்) ஒட்டறது எல்லாம் மேனுவல்லயே இருக்கு, அதுக்குள்ள போகல.

1. ஃபயர்வால்

இன்ஜினைத் தாங்குற முன்பக்கத்துப் பலகை இது. ஒட்டியே வரும், ஆனா நம்பாதீங்க. உள்பக்கம் மூலைக்கு மூலை 30 நிமிஷ எபாக்ஸி, முடிஞ்சா முக்கோண பால்சா குச்சியும் சேத்து. 5 நிமிஷ எபாக்ஸி இந்த இடத்துக்கு வேணவே வேணாம். வெளிப்பக்கம் எபாக்ஸிய மெல்லிசா பூசிட்டா எண்ணெய் மரத்துக்குள்ள ஊறாது. இன்ஜின் போல்ட் ஒவ்வொண்ணுக்கும் பெரிய வாஷர், நீல லாக்டைட் (போல்ட் தளராம பிடிக்கற பசை). சிவப்பு போட்டா அப்புறம் சூடு காட்டாம கழட்ட முடியாது.

2. டேங்க்

நைட்ரோவுக்கு வாங்கின சிலிக்கான் ட்யூப் வீட்டுல கிடக்குதேன்னு மாட்டிடாதீங்க, பெட்ரோல்ல அது ஊதிப் பிஞ்சு போயிடும். மஞ்சள் டைகான், இல்ல வைட்டான் ட்யூப் போடுங்க. டேங்க் மூடியோட ரப்பரும் பெட்ரோலுக்கானதான்னு பாருங்க. வென்ட் ட்யூப் (டேங்குக்குக் காத்து போற குழாய்) டேங்குக்கு மேல ஒரு சுத்து சுத்தி அடியில வெளிய வரணும், இல்லன்னா மூக்கு கீழ சாஞ்சாலே கார் டிக்கி முழுக்க பெட்ரோல் வாசனைதான்.

கலவை: 1 லிட்டருக்கு 33 மில்லி 2டி (டூ-ஸ்ட்ரோக்) ஆயில், அதாவது 30க்கு 1. நான் போடறது மோட்டூல் 710. ஸ்கூட்டர் கடையில லூஸ்ல ஊத்தித் தர்ற ஆயில் இதுக்கு ஆகாது.

3. சர்வோ

ரெக்கையிலயும் வால்லயும் அசையற பலகைகளைத் திருப்பற சின்ன மோட்டார்தான் சர்வோ. ஒவ்வொரு எய்லெரானுக்கும் (ரெக்கைப் பலகை) எலிவேட்டருக்கும் (வால்ல படுத்திருக்கற பலகை) 20 கிலோ-செ.மீ.க்கு மேல டார்க், ரடருக்கு (வால்ல நிமிர்ந்திருக்கற பலகை) இன்னும் கூட. மெட்டல் கியர்தான். ஸ்டிக் நடுவுல இருக்கும்போது சர்வோ ஆர்ம் புஷ்ராடுக்கு (சர்வோவையும் பலகையையும் இணைக்கற கம்பி) 90 டிகிரில நிக்கணும், ஹார்ன் (பலகையில புஷ்ராடு மாட்டற கொம்பு) ஓட்டை ஹின்ஜ் கோட்டுக்கு நேர் மேல வரணும். இதை ட்ரான்ஸ்மிட்டர் சப்-ட்ரிம்ல (சர்வோவோட நடு நிலையை நகத்தற செட்டிங்) சரி பண்ணிக்கலாம்னு விட்டா, ஒரு பக்கம் கூட ஒரு பக்கம் கம்மின்னு போய், லூப் போடும்போது ப்ளேன் ஸ்க்ரூ மாதிரி திரும்பும். ஹின்ஜ் இடைவெளியைக் கண்ணாடி டேப் போட்டு மூடுங்க, அது ஃப்ளட்டர் (வேகத்துல பலகை படபடன்னு அதிர்றது) வராம இருக்கறதுக்கு.

4. இக்னிஷன்

தனி பேட்டரி, ஆப்டிக்கல் கில் ஸ்விட்ச் (ட்ரான்ஸ்மிட்டர்ல இருந்தே இன்ஜினை நிறுத்தறதுக்கு), ரிசீவர்ல இருந்து ஒரு அடியாவது தள்ளி. ஃபெயில்சேஃப்ல (சிக்னல் போனா தானா நடக்கற செட்டிங்) த்ராட்டில் ஐடில் இல்ல, இக்னிஷனே கட் ஆகற மாதிரி செட் பண்ணுங்க. ரேஞ்ச் செக் (சிக்னல் எவ்வளவு தூரம் எட்டுதுன்னு பாக்கறது) இன்ஜின் ஓடும்போது ஒரு தடவை, ஓடாதப்போ ஒரு தடவை.

5. கார்ப்ல இருக்குற அந்தக் குண்டூசி ஓட்டை

பாதிப் பேர் மாட்டிக்கறது இங்கதான், நானும் கௌலை (இன்ஜினைச் சுத்தி மாட்டற மூடி) மாட்டினா ஒரு மாதிரி கழட்டினா ஒரு மாதிரின்னு கார்ப் ஊசியை (பெட்ரோல் அளவை மாத்தற திருகு) திருகிட்டே இருந்திருக்கேன்.

வால்ப்ரோ கார்ப்ல ஒரு பக்கம் ஒரே ஸ்க்ரூ போட்ட மூடி, அது பம்ப். இன்னொரு பக்கம் நாலு ஸ்க்ரூ போட்ட தகடு, நடுவுல சின்ன ஓட்டை. அந்தத் தகடுக்குக் கீழ ஒரு சவ்வு இருக்கு. சவ்வுக்கு ஒரு பக்கம் பெட்ரோல், இந்தப் பக்கம் ஓட்டை வழியா வெளிக்காத்து. எவ்வளவு பெட்ரோல் உள்ள விடணும்னு முடிவு பண்றது இந்தச் சவ்வுதான். இப்ப கௌல் மாட்டிப் பறக்கும்போது உள்ள காத்தழுத்தம் வேகத்துக்கு வேகம் மாறும். அழுத்தம் குறைஞ்சா லீன் (பெட்ரோல் கம்மி), காத்து நேரா ஓட்டையில அடிச்சா ரிச் (பெட்ரோல் கூட). தரையில கௌல் இல்லாம பாத்துப் பாத்து செட் பண்ணதெல்லாம் வீண்.

தீர்வு சிம்பிள். தகட்டைக் கழட்டுங்க (சவ்வு, கேஸ்கட் வரிசை முக்கியம், கார்ப் உடம்பை ஒட்டி முதல்ல கேஸ்கட், அது மேல சவ்வு, ஃபோட்டோ எடுத்துக்கங்க), ஓட்டை மேல 3 மி.மீ. பித்தளைக் குழாயை நிக்க வெச்சு சால்டர் பண்ணுங்க, ஃப்ளக்ஸை நல்லாத் துடைங்க, திரும்ப மாட்டி ஒரு ட்யூபை ஃபயர்வால் தாண்டி ஃப்யூஸ்லேஜுக்குள்ள விட்டுடுங்க. அங்க காத்து அமைதியா இருக்கும். ஓட்டை அடைச்சிருக்கான்னு குண்டூசி விட்டுக் குத்தாதீங்க, சவ்வு போயிடும்.

அதே நேரத்துல கௌலையும் பாருங்க. காத்து உள்ள வர்ற வாயை விட வெளிய போற வழி ரெண்டரை மடங்காவது இருக்கணும், உள்ள வந்த காத்து இன்ஜினோட ஃபின் (சூட்டைத் தணிக்கற தகடுகள்) வழியாத்தான் போற மாதிரி பால்சா தடுப்பும் வைக்கணும்.

6. ட்யூனிங்

வாலைக் கட்டிப் போடுங்க, கூட ஒரு ஆள், கையில தடி க்ளவுஸ். ரெண்டு ஊசியும் ஒன்றரைச் சுத்து திறந்து ஆரம்பிங்க. சோக் மூடி, "டப்"னு ஒரு சத்தம் வர்ற வரைக்கும் ப்ரொப்பெல்லரைச் சுத்துங்க, அப்புறம் சோக் திறந்து சுத்தினா பிடிச்சுக்கும். முதல்ல எல் ஊசி (குறைஞ்ச வேகத்துக்கு): த்ராட்டிலை வெடுக்குனு தள்ளினா செத்துப் போனா லீன், கொஞ்சம் திறங்க, கொழகொழன்னு தயங்கி ஏறினா ரிச், மூடுங்க. அப்புறம் எச் (முழு வேகத்துக்கு): உச்ச ஆர்பிஎம் வந்ததும் 100, 200 குறையற வரைக்கும் திறந்து விடுங்க. ஒண்ணைத் தொட்டா இன்னொண்ணும் நகரும், அதனால திரும்ப எல். எல்லாமே கௌல் மாட்டின அப்புறம்தான்.

7. சிஜி

சிஜின்னா ப்ளேனோட எடை சமமா நிக்கற புள்ளி. டேங்க் காலியா வெச்சு, முதல் தடவைக்கு மேனுவல் சொல்ற இடத்துல முன்பக்கத்து அளவு. பறந்தப்புறம் 45 டிகிரில ஏத்தி தலைகீழா திருப்பி ஸ்டிக்கை விடுங்க. லேசா மூக்கு சாஞ்சா நல்லது, டபக்குனு விழுந்தா மூக்கு கனம், தானா மேல போனா வால் கனம். பேட்டரியை நகத்துங்க, ஈயம் கடைசி வழி.

பின்னாடி சேத்தது: இப்ப பங்க்ல வர்றது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல், அது ஈரத்தை இழுக்கும், அதை டேங்க்ல விட்டுட்டு ஒரு மாசம் கழிச்சு வந்தா சவ்வு விறைச்சுப் போயிருக்கும்னு ரெண்டு மூணு பேர் சொன்னாங்க, உண்மைதான். பறந்து முடிஞ்சதும் டேங்கைக் காலி பண்ணிட்டு, இன்ஜினை ஐடில்ல ஓடவிட்டு கார்ப்ல இருக்கறதையும் எரிச்சிடுங்க.